எத்தனை பொண்ணு?

சுப்புராயன் சொன்ன விளக்கத்தை பக்தவச்சலம் இரண்டு வருஷமாக நம்பவில்லை. முழுசாக நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

"வாய் தவறிடுச்சு சார்." அவன் சொன்னது அவ்வளவுதான்.

தவணைக் கடன் கொடுக்கும் கம்பெனி ஒன்றின் திருவொற்றியூர் கிளைக்கு பக்தவச்சலம் மேனேஜர். சுப்புராயன் அங்கே வசூல் பார்க்கிறவன், காசிமேட்டுக்காரன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை அதிகம் பேசியதில்லை. அப்படிப்பட்டவனுக்கு, அதுவும் கோர்ட்டு சமரச அறையில், எப்படி வாய் தவறும்?

அன்றைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் முகத்துவாரக்குப்பத்து பவானியும் அவள் மகள் மோகனப்ரியாவும். மீன் வியாபாரத்துக்கு டீப் ஃப்ரீசர் வாங்கிய கடன். பவானிக்குப் பழைய பாக்கி இருந்ததால் மகள் பெயரில் எடுத்து, மகளே கையெழுத்துப் போட்டிருந்தாள். 2023 டிசம்பர் வெள்ளம் சுத்திகரிப்பு ஆலை எண்ணெயையும் வாரிக்கொண்டு வீட்டுக்குள் புகுந்ததில் ஃப்ரீசர் பாழாயிற்று. அப்புறம் பல மாதம் அந்தப் பக்கத்து மீனை யாரும் சீண்டவில்லை. தவணை நின்றது, அபராத வட்டி ஏறியது, கம்பெனி வழக்குப் போட்டது. அந்த வீட்டுக்கு வசூலுக்குப் போய்வந்தவன் சுப்புராயன்தான்.

மோகனப்ரியா அப்போதுதான் மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வீட்டுக்கு அந்தச் சம்பளம் ஒன்றுதான்.

"மாசா மாசம் பாதிச் சம்பளத்த எழுதிக் குடுத்துடறேன் சார். கேஸை முடிச்சுடுங்க," என்று பேனாவைக் கையில் எடுத்தாள்.

அப்போதுதான் சுப்புராயன் குறுக்கே விழுந்தான்.

"இரு இரு. இன்னாம்மா பவானி, உனுக்கு மொத்தம் எத்தினி பொண்ணு?"

"இன்னா கேள்வி இது? தோ, ஒண்ணுதான்."

"நெஜமா ஒண்ணுதானா? சம்பாரிக்கிற இன்னொண்ண எங்கியாச்சும் ஒளிச்சு வெச்சுகினு நாடகம் ஆடுறியா? நல்லா எண்ணிப் பாத்து சொல்லு."

பவானியின் முகம் கறுத்தது.

"ஒளிச்சு வெச்சது நான் இல்ல நைனா. கடலு. பெரிய பொண்ணு சுனாமில பூட்ச்சி. ரெண்டு வயசு."

பக்தவச்சலத்துக்கு சுப்புராயனை ஓங்கி அறையலாம் போலிருந்தது.

"வெளியே போய்யா நீ," என்று பல்லைக் கடித்தார்.

பவானிக்காக இலவச சட்ட உதவியில் வந்திருந்த வக்கீல் இஷ்ரத் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணு பேர் என்னம்மா?"

"மோகனப்ரியா."

"அப்போ இவங்க?"

"இதுவும் மோகனப்ரியாதான். அது போன மறு வருசம் இது பொறந்துச்சு. அதுவே திரும்பி வந்துச்சுன்னு அதே பேரை வெச்சோம். ரேஷன் கார்டுலதான் பேரு கீதே, அப்பால இன்னாத்துக்குத் தனியா எழுதணும்னு வுட்டுட்டோம். ஸ்கூல்லயும் பெரிசு பொறந்த தேதியத்தான் குடுத்தோம்."

இஷ்ரத் பேனாவை மோகனப்ரியாவின் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"சுனாமிக்கு மறு வருஷம்னா, கையெழுத்துப் போட்டப்போ இவங்களுக்குப் பதினேழு வயசு சார். மைனர் போட்ட கடன் ஒப்பந்தம் செல்லாது. இப்ப பதினெட்டு தாண்டிட்டாலும் செல்லாது."

"ஆதார்படி அப்பவே இருபதாச்சே மேடம்!"

"ஆதார் தப்பா இருக்கலாம். பொறந்த நாள் தப்பா இருக்க முடியுமா?"

"சாமானையாவது திருப்பிக் குடுக்கணும் இல்ல?" சும்மா இருந்தால் நன்றாக இருக்காதே என்று பக்தவச்சலம் கேட்டுவைத்தார்.

"எட்த்துனு போ சார்," என்றாள் பவானி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எண்ணெ நாத்தத்தோட வாசல அடைச்சுகினு கீது. உனுக்குப் புண்ணியமா பூடும்."

பெரியவளின் இறப்புப் பதிவையும் சின்னவள் பிறந்த ஆஸ்பத்திரிப் பதிவையும் பார்த்த நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். கோர்ட்டு வாசலில் தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தார்கள். அதைப் பார்த்து பக்தவச்சலத்துக்கும் மூச்சு லேசாயிற்று. தோற்றது நம் கட்சியாயிற்றே, நமக்கு எதற்கு இந்த நிம்மதி என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே போனார்.

தலைமை அலுவலகம் சுப்புராயனின் இன்க்ரிமென்ட்டை நிறுத்தியது. பக்தவச்சலம் அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"பெத்த வயித்துல குத்துற மாதிரி ஒரு கேள்வி. அதனால கேஸும் போச்சு. ஏன்யா கேட்டே?"

"பயமுறுத்தலாம்னு பாத்தேன். வாய் தவறிடுச்சு சார்."

ஈரமில்லாதவனா, இல்லை வெறும் முட்டாளா? பக்தவச்சலம் எத்தனையோ தடவை அவன் முகத்தைப் பார்த்தார். இரண்டும் பொருந்தவில்லை.

போன டிசம்பர் இருபத்தாறாம் தேதி காலை, ஒரு வேலையாகக் காசிமேடு போனார். சுனாமி நாளென்பது கரைக்குப் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஜனங்கள் வருஷா வருஷம் செய்வதுபோலப் பூவைத் தூவி, கடலில் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

முழங்கால் தண்ணீரில் சுப்புராயன் நின்றிருந்தான். பால் தூக்கைப் பிடித்தபடி பக்கத்தில் அவன் மகள் கீர்த்தி. ஆயுத பூஜைக்கு ஆபீசுக்கு வருகிற பெண்தான், பக்தவச்சலத்துக்கு நன்றாகத் தெரியும்.

சுப்புராயன் தூக்கை வாங்கி அலையில் சரித்தான்.

"கீர்த்தி... குடிம்மா கீர்த்தி," என்று கடலைப் பார்த்துச் சொன்னான்.

பக்கத்தில் நின்ற கீர்த்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழக்கப்பட்டவள்போல் காலித் தூக்கை வாங்கிக்கொண்டாள்.

கரையேறி வந்தவன் மேனேஜரைப் பார்த்துத் திகைத்து நின்றான்.

"சார்... நீங்க எங்க இந்தப் பக்கம்?"

பக்தவச்சலம் அவனுடைய ஈரக்கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் பொண்ணுக்கும் அக்கா பேருதானா, சுப்புராயா?"