ஊசி வரிசை

"ஊசியைக் கொதிக்க வச்சுப் போடுங்க சார்." பங்கிராஸ் மூன்றாம் தடவையாகச் சொன்னான்.

கம்பவுண்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருவர் தோளில் குத்திய காலரா ஊசியைப் பஞ்சால் துடைத்து அடுத்தவர் தோளில் ஏற்றினார். காலையில் ஒரு தரம் கொதித்த ஊசி. அதற்குள் முப்பது தோள் பார்த்துவிட்டது.

குளத்தூர்ப் பக்கத்துக் கல்குவாரி. ஊசி போட்ட சீட்டு இல்லாதவர்களுக்கு நாளை முதல் வேலை கிடையாது என்று காண்ட்ராக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

அடுத்து அவன் மனைவி செல்வியின் முறை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த காமாலை அவள் ஈரலைப் பாதி தின்றிருந்தது. வயிறு வீங்கும், வடியும். ஆனாலும் கல்லுக்கூடையை அவள் இறக்கி வைக்கவில்லை.

பங்கிராஸ் மடியிலிருந்து மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா எழுதிய தாளை எடுத்துப் பிரித்தான். நாற்பதைத் தாண்டி எழுத்துப் படித்தவன். விரல் வைத்துத்தான் வாசிக்க வரும்.

"இன்...னொரு காமாலை வந்தால் பி...ழைக்க மாட்டார். மற்றவர்களுக்குப் போட்ட ஊசியைக் கொதிக்க வைக்காமல் இவருக்குப் போடக் கூடாது."

"தாசில்தார் வாசிக்கிறாருப்பா, கேட்டுக்கங்க!" என்று வரிசையிலிருந்து பழனிச்சாமி கத்தினான். "இவரு முடிக்கிறதுக்குள்ள காலரா வந்துட்டே போயிரும்!"

எல்லாரும் சிரித்தார்கள்.

பங்கிராஸ் மேஜைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். இழுத்துப் பார்த்தார்கள். கல்லைப் போல இருந்தான்.

கடைசியில் கம்பவுண்டர் ஸ்டவ்வைப் பற்ற வைத்தார். இருபது நிமிஷம் ஊசி கொதித்தது. வரிசை வெயிலில் நின்று அவனைத் திட்டித் தீர்த்தது.

"எந்திரிய்யா. ஒன் சம்சாரத்துக்கே மொதல்ல போட்டுர்றேன். போதுமா?"

செல்வி ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டாள். அவளுக்குப் பின்னால் மூக்காயி, இடுப்பில் பால்குடிப் பிள்ளையோடு நின்றாள்.

கேட்டது கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

"வேணாம் சார். அவ கடைசியா வரட்டும். அப்பவும் கொதிக்க வச்சுத்தான் போடணும்."

"பைத்தியமாய்யா ஒனக்கு?"

செல்விக்கும் விளங்கவில்லை. "என்னங்க இது, அவுகதான் போடுறேங்கிறாகள்ல?"

தாளில் இன்னும் ஒரு வரி இருந்தது. ஆறு மாசமாக அதை அவளுக்கே அவன் வாசித்துக் காட்டியதில்லை. வெளியே தெரிந்தால் அவள் கையால் ஒருவரும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். கூடை தூக்கிவிடவும் ஆள் வராது.

விரலை அந்த வரியில் வைத்தான். எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தான்.

"நோய் இவர் ரத்தத்தில் இருக்கிறது. இவருக்குப் போட்ட ஊசி கொதிக்காமல் வேறு யார் உடம்பிலும் ஏறக் கூடாது."

மூக்காயி பிள்ளையை இறுக்கிக்கொண்டு ஓர் எட்டுப் பின்னால் போனாள்.

செல்வி அவனை ஒரு முறை பார்த்தாள். ரவிக்கைக் கையை இறக்கிவிட்டு, ஒதுங்கி வழிவிட்டவர்களைத் தாண்டி நடந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

கம்பவுண்டர் ஸ்டவ்வை அணைக்கவில்லை.

பங்கிராஸ் எழுந்தான். போய், அவளுக்கும் பின்னால் நின்றுகொண்டான்.