கொட்டை எழுத்தில் வேதாசலம்

“இன்னும் தடிமனா வேணும்மா. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னாலும் பேரு கண்ணுல குத்தணும்.”

முடிச்சூர் சாலையில் அச்சகம் நடத்தும் சத்யபிரியா, கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். “இதுக்கு மேல தடிச்சா, ஏரோப்ளேன்ல போறவங்கதான் சார் படிக்கணும்.”

லோகநாதன் கோபப்படவில்லை. பெருங்களத்தூரில் அவர் குடியிருக்கும் காலனியில் நலச் சங்கத் தலைவர் தேர்தல் வருகிறது. போட்டியிடும் வேதாசலத்துக்குச் சுவரொட்டி அடிக்க வந்திருந்தார்.

அவள் முதலில் காட்டிய மெல்லிய எழுத்தை, “பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்கு” என்று ஒதுக்கினார். அடுத்ததைப் பார்த்ததும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். நெட்டுக் கோடுகள் தூணாகப் பருத்து, வளைவுகளில் தலைமுடியாக இளைத்து, முனைக்கு முனை குட்டிப் பாதம் வைத்து நிற்கும் எழுத்து அது.

“இதான். இதுல ஒரு அதிகாரம் தெரியுது.”

“நகைக்கடைக்காரங்க விரும்பிக் கேக்கறது சார். கிட்ட பார்த்தா அழகு. தூரத்துல மெல்லிசுக் கோடெல்லாம் மறைஞ்சுடும். உங்க வேதாசலம் வெறும் தூணா நிப்பார்.”

“அப்ப மெல்லிசையும் கொஞ்சம் தடிப்பாக்குங்க. வேற யாரோன்னு ஒருத்தரும் நினைச்சுடக் கூடாது.”

அவள் ஒவ்வொரு கோடாகத் தடிப்பாக்கினாள். அவர் பின்னால் நின்று, கடைசி எழுத்தின் புள்ளிக்குக்கூடத் திருத்தம் சொன்னார்.

“சொந்தத் தம்பிக்குக்கூட யாரும் இப்படி மெனக்கெட மாட்டாங்க சார். அவர் கொடுத்து வெச்சவர்.”

“நம்மால முடிஞ்சது.”

“கீழே, ஓட்டு கேக்கறது யாருன்னு போடட்டும்? உங்க பேரா?”

“ஐயய்யோ, வேணாம்மா. அங்கேயும் அவர் பேரே போடுங்க.”

“அவருக்கு அவரே ஓட்டு கேக்கறாரா? நல்ல தன்னடக்கம். எங்கெல்லாம் ஒட்டுவீங்க?”

“காலனியில ஒரு சுவர் பாக்கி இருக்காது.”

மாதிரித் தாள் வெளியே வந்தது. லோகநாதன் அதை இரண்டு கைகளாலும் வாங்கிப் பார்த்தார். கண் கலங்கியேவிட்டது. சத்யபிரியா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“அவர் ஜெயிச்சா உங்களுக்கு என்ன பதவி சார்? செயலாளரா?”

“ஜெயிக்கறதா?” லோகநாதன் தாளைப் பதமாகச் சுருட்டினார். “காம்பவுண்டு சுவத்துல போஸ்டர் ஒட்டற வேட்பாளரை லிஸ்ட்லேர்ந்தே எடுத்துடணும்னு போன மாசம் சங்கத்துல தீர்மானம் போட்டாச்சும்மா. அவரை எதிர்த்து மூணு தடவை நின்னு தோத்தவன் நான்தான்.”