ரெண்டாம் தேதிக்காரர்

"மொத்தம் பதினாலாயிரத்து நானூறு ரூபாய்! மாசம் இருநூறு, எழுபத்திரண்டு மாசம். ஒரு மாசம்கூடத் தவறலையே ஐயா!"

மூட்டை தூக்குகிறவர் துண்டை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சற்று முன் அவர் நீட்டிய இரண்டு நூறு ரூபாய்த் தாள்கள் மேஜையில் கிடந்தன. ஏழைகளின் வைத்தியச் செலவுக்கு உதவும் அந்த அறக்கட்டளையில் அவருக்கு 'ரெண்டாம் தேதி' என்றே பெயர். மாதா மாதம் அன்றைக்குத்தான் வருவார்.

கணக்குச் சொல்லி வியந்தவள் அங்கே பிரசாரப் பொறுப்பாளர். அவளுக்குத் தலைபோகிற அவசரம். நன்கொடை பாதியாக வற்றிவிட்டது. ஜனங்களிடம் எப்படிப் பேசிக் கேட்பது என்று நாலு மணிக் கூட்டத்தில் அவள் திட்டம் வைக்க வேண்டும். அது எடுபடாவிட்டால் அடுத்த மாதம் எட்டு ஆபரேஷன்களுக்குக் கையை விரிக்க வேண்டியதுதான்.

"உங்க படத்தைத்தான் போஸ்டர்ல போடப் போறேன். 'இவரே கொடுக்கிறார், நீங்கள்?'னு."

"ஐயையோ! என் மூஞ்சியைப் பார்த்தா கொடுக்க வந்தவனும் பையை மூடிக்குவான்மா."

பக்கத்து மேஜையிலிருந்த கேஷியர் அக்கா களுக்கென்று சிரித்தாள்.

"விளையாடாதீங்க ஐயா. எதுக்காகக் கொடுக்கிறீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

"எங்கே கொடுத்தேன்மா? கட்டினேன்." சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை எடுத்தார். "வீட்டுக்காரி ஆபரேஷனுக்கு நீங்க கொடுத்த பதினாலாயிரத்து நானூறு. அன்னைக்கு எனக்குப் பின்னாடி நின்ன அம்மாவுக்குப் பணம் இல்லேன்னு அனுப்பிட்டீங்க. அது மனசை அறுத்துக்கிட்டே இருந்துச்சு. இன்னையோட தீர்ந்துது. கணக்கு முடிஞ்சுதுன்னு எழுதிக் குடுங்க."

அவள் தாளை வாங்கினாள். கீழே அவருடைய கைநாட்டு. அதற்கும் கீழே, எறும்பு ஊர்ந்ததுபோல் பொடி எழுத்தில்: 'இது உதவித்தொகை. திருப்பித் தர வேண்டியதில்லை.'

அவள் அதை வாய்விட்டுப் படித்தாள். கேஷியர் அக்காவின் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"ஐயா... இது கடனே இல்லை. யாருமே உங்களுக்கு இதைப் படிச்சுக் காட்டலையா?"

அவர் அவளுடைய பேனாவை வாங்கி, கைநாட்டுக்குப் பக்கத்தில் எழுத்தெழுத்தாகத் தன் பெயரைப் போட்டார்.

"போஸ்டருக்கு என் மூஞ்சி வேணாம்மா, இந்தத் தாளைப் போடுங்க. சாயங்கால வகுப்புல எழுத்துக் கூட்டக் கத்துக்கிட்டு, நான் மொதமொதல்ல படிச்சதே அந்தப் பொடி எழுத்தைத்தான். அது ஆச்சு மூணு வருஷம்."