கழுவாத மண்

மூன்று வருஷமாகக் கூடப் பிறந்தவளைப் போலப் பழகிய எதிர் வீட்டு மதிவதனி, வேப்பம்பட்டுக்குக் குடிபோகும்போது தன் மீன்தொட்டியை ரைஹானாவுக்கே கொடுத்துவிட்டுப் போனாள். "மண்ண மட்டும் கழுவிடாதக்கா. அதுலதான் மீனுக்கு உயிரே கீது" என்றாள். மீன் வளர்க்கிற எல்லோரும் சொல்வதுதானே என்று ரைஹானாவும் கழுவவில்லை.

நான்காம் நாள், மண்ணுக்குள்ளிருந்து விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் புழு எட்டிப் பார்த்தது. இடுக்கியால் எடுத்துச் சாக்கடையில் போட்டாள். மறுநாள் அதே இடத்தில் இருந்தது. வேறு புழுவோ என்று, வாலில் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்து, பஸ் ஏறிப் போய் பருத்திப்பட்டு ஏரியில் விட்டுவந்தாள். வீட்டுக்குள் நுழைந்தபோது தொட்டி மண்ணில் சிவப்பு வால் நெளிந்துகொண்டிருந்தது.

"இது இன்னா புழு?" என்று படமெடுத்து, மீன் வளர்ப்போரின் வாட்ஸப் குழுவில் போட்டாள். குழுவை நடத்தும் ஷவுகத் அலி பாய், "பேரு தெரியலம்மா. முன்னயே ஒருத்தங்க இதையேதான் கேட்டாங்க" என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்.

கேட்டிருந்தவள் மதிவதனி. எங்கே போட்டாலும் திரும்பி வந்துவிடுகிறது என்று புலம்பியிருந்தாள். "நம்மள நம்புறவங்க கையில குடுத்தா திரும்பி வராது" என்று யாரோ பதில் எழுதியிருந்தார்கள். அதன் கீழே மதிவதனி எழுதியிருந்தாள்: "அப்டி எனக்கு யாரும் இல்லியே. இனிமேதான் புடிக்கணும்."

ரைஹானா தேதியைப் பார்த்தாள். மூன்று வருஷத்துக்கு முந்தைய ரம்ஜான் மாதம். அந்தத் தேதிக்கு மறுநாள்தான், நோன்பு திறக்கும் நேரத்தில், எதிர் வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த மதிவதனி ஒரு சொம்பு நிறைய ரோஸ்மில்க் கரைத்து எடுத்துவந்து, வாசலில் நின்று, முதன்முதலாக "அக்கா" என்று கூப்பிட்டாள்.