முப்பது நாய்கள் வளரும் வீடு

பந்தயத்தில் ஓடி ஓய்ந்த கிரேஹவுண்ட் நாய்களைத் தத்தெடுத்த வீட்டை அதிகாரி நேரில் பார்த்தே தீரவேண்டும் என்பது புதுச் சட்டம்.

விநாயகமூர்த்தி சட்டத்தை மீறாதவர். பசுந்தாங்கு ஊரில், மாடி வீட்டிலிருந்து தெருவரை தொங்கிய அழைப்புமணிக் கயிற்றை முறைப்படி இழுத்துவிட்டு ஐந்து மாடி ஏறினார். ரேவதி கதவைத் திறந்தாள்.

“நாய் நல அதிகாரி வந்திருக்கேன். இங்க முப்பது நாய் வளருதுன்னு பதிவாகியிருக்கு.”

“ஒண்ணுகூட இல்லையே!”

‘நாய்கள் சத்தமே போடுவதில்லை’ என்று குறித்துக்கொண்டார்.

“அப்ப அதுங்கல்லாம் எங்கதான் போச்சு?” என்றாள் ரேவதி.

“படிவத்துல அந்தக் கேள்வி இல்லம்மா.”

‘பார்வையிட்டவர்’ என்ற இடத்தில் கையெழுத்திட்டார். பேனாவை மூடாமலே, ‘தத்தெடுத்தவர்’ என்ற இடத்திலும் அதே கையெழுத்தைப் போட்டார்.

“முடிஞ்சுதுன்னா செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க. ஒரு நாய்க்குட்டி வேணும்னு நம்ம பிள்ளை காலையிலேருந்து அழுவுது.”

விநாயகமூர்த்தி பதறிப்போனார்.

“நாயா? இந்தப் புறாக்கூண்டுலயா? பாவம்டி, வாயில்லாத ஜீவன்!”