எட்டு விரல் கணக்கு

சுரங்க வாசலில் ஆள் எண்ணும் சூசைக்கு எட்டு விரல்கள்தான். இரண்டை வெடி கொண்டுபோன நாளிலிருந்து அவர் எண்ணுவது எட்டு எட்டாகத்தான். எத்தனை எட்டு என்பதை முதலில் எழுதி, மிச்சத்தைப் பக்கத்தில் எழுதுவார். அன்று காலை இரும்புக் கதவில் சாக்பீஸால் 12 என்று எழுதியிருந்தார். பாறை உடைக்க வெடி வைத்துவிட்டு வெளியே வந்தவர்கள் பத்துப் பேர். வேலைக்குப் புதிதான அதிகாரி தில்லை, வெடிப் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

"இன்னும் ரெண்டு பேர் வரலையே."

"எல்லாரும் வந்தாச்சும்மா. அந்த ஒண்ணுன்னா ஒரு எட்டு. எட்டும் ரெண்டும் பத்து," என்றார் சூசை, கைகளை விரித்துக் காட்டி.

தில்லைக்கு மூச்சு வந்தது. தானும் ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். பத்துதான். சூசை கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அவள் பொத்தானில் விரலை வைத்தபோது, உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள்.

"நாங்க ரெண்டு பேர் இருக்கோம். தொறங்க."

வெளியே நின்ற பத்துப் பேரும் பின்வாங்கினார்கள். தில்லை கதவுக்கு ஓடினாள். சூசையின் எட்டு விரல்களும் தாழ்ப்பாளை இறுகப் பற்றியிருந்தன.

"தொறக்காதீங்கம்மா," என்றார். "நான் உள்ள விட்டது பத்துப் பேரைத்தான்."