சார்ஜ் இறங்காத வண்டி

“பேட்டரி எப்பவோ செத்திருக்கும். வண்டியோட சேத்து அதையும் தள்ளிவிட்டுடலாம். வாங்குறவங்க புதுசு போட்டுக்கட்டும்,” என்றாள் மூத்தவள்.

அந்த நிறுத்துமிடத்தில் கேரவன்கள் வரிசையாக நின்றன. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும், சக்கரம் வைத்த வீடுகள். விடுமுறைக்கு ஊர் சுற்றிவிட்டு வந்து, மீதி நாளெல்லாம் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு தூங்கும். அவளும் தங்கையும் சேர்ந்து வாங்கியது கடைசி வரிசையில் நின்றது. அது அங்கிருந்து கிளம்பி இரண்டு வருடமாயிற்று. அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்தியும் அவ்வளவே காலம்.

“விக்கிறதுன்னே முடிவு பண்ணிட்டியா? நல்ல வண்டி. இன்னும் கொஞ்சம் யோசிக்கலாமே,” என்றார் அவள் கணவர். காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

“பூட்டி வச்சு அழகு பாக்கவா? நீங்க சும்மா வாங்க.”

புதிதாக வேலைக்கு வந்திருந்த மெக்கானிக் பெண், பேட்டரிப் பெட்டியின் மூடியைத் திறந்து மீட்டரை வைத்தாள். முகத்தைச் சுளித்தாள். எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

“மேடம், இது செத்த பேட்டரி இல்ல. என் வண்டியில இருக்கிறதவிட ஜம்முனு இருக்கு.”

“என்னம்மா சொல்றே?”

“முழு சார்ஜ்! இங்க பாருங்க, மைனஸ் வயரைக் கழட்டி ஒதுக்கி வச்சிருக்காங்க. இல்லேன்னா அலாரம், கடிகாரம்னு ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சிடும். முனையில உப்புப் பூக்காம வாசலின் தடவியிருக்கு. அப்பவும் சும்மா கிடக்கிற பேட்டரி தானா இறங்கத்தான் செய்யும். இறங்கினபடியே விட்டுட்டா அப்புறம் என்ன ஏத்தினாலும் பிடிக்காது. யாரோ தவறாம வந்து சார்ஜ் போட்டிருக்காங்க. கைக்குழந்தைய பாத்துக்கிற மாதிரி பாத்திருக்காங்க மேடம்.”

“நான் இந்தப் பக்கமே வரலயே. சாவி ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு எங்க வீட்டு ஆணியில தொங்குது. இன்னொண்ணு…”

அவள் கேரவன் பூட்டைப் பார்த்தாள்.

“இன்னொண்ணு உன் தங்கச்சிகிட்ட,” என்று மெல்ல எடுத்துக்கொடுத்தார் கணவர்.

மூத்தவள் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவள். தங்கைக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். கடைசியாகப் போன பயணத்தில் தங்கை கேரவனைப் பின்னுக்கு எடுத்தபோது, அது கேட் தூணில் போய் மோதியது.

“உனக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுத்தான்?” என்று அத்தனை பேர் முன்னால் கத்தினாள் அக்கா.

“நீ சொல்லிக்குடுத்த லட்சணம் அப்படி!” என்றாள் தங்கை.

ஒன்று பத்தாகி, பத்து நூறாகி, ஊர் திரும்புவதற்குள் முகம் பார்ப்பதும் நின்றுபோயிற்று. ‘அந்த வீட்டு ஆளோட பேச்சு வச்சுக்கக் கூடாது’ என்று இருவருமே அவரவர் கணவருக்குச் சொல்லிவிட்டார்கள். கணவர்கள் இரண்டு பேரும் சமர்த்தாகத் தலையாட்டினார்கள்.

மூத்தவள் கேரவன் படியில் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

“நான் அவ்வளவு பேசியும் வந்து பாத்துக்கிட்டிருக்கா பாருங்க. நான்தான் கல்லு மாதிரி இருந்துட்டேன்.”

“ஒரு போன் போடேன்.”

“எடுக்கலைன்னா?”

“எடுப்பா. அவளும் உன்னை நெனச்சு ஏங்கிக்கிட்டுத்தான் இருக்கா.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“சும்மா… ஒரு ஊகம்தான்.”

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். “அக்கா!” என்றாள்.

“கேரவன்கிட்ட நிக்கிறேன்டி. வர்றியா?”

பேக்கரியில் வேலை செய்யும் தங்கை, மாவு படிந்த ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள். பின்னாலேயே அவள் கணவரும் வந்தார். சகோதரிகள் கட்டிக்கொண்டதில் அக்காவின் நீலப் புடவை பாதி வெள்ளையாகிவிட்டது.

“என்னக்கா, முடிக்குச் சாயம் போடுறத விட்டுட்டியா?”

“நல்லாருக்குன்னு சொல்ல நீ இல்ல. யாருக்காகப் போட?”

இரண்டு பேரும் அழுதார்கள், சிரித்தார்கள், மறுபடி அழுதார்கள். மெக்கானிக் பெண் மீட்டரைத் துடைப்பதுபோலத் திரும்பிக்கொண்டாள்.

“பேட்டரிய எப்படிப் பாத்துக்கிட்டிருக்கேடி!”

“எந்தப் பேட்டரி? நான் ஒண்ணும் பண்ணலயேக்கா.”

“சும்மா இரு. செஞ்சதை வெளிய சொல்லாத குணம் உனக்கு. சின்னதுலேர்ந்தே அப்படித்தான்.”

தங்கை இன்னொரு முறை மறுக்க வாயெடுத்தாள். அக்கா இரு கன்னத்தையும் பிடித்துக்கொண்டதில் சொல்ல வந்ததை விட்டுவிட்டாள்.

“விக்கிறதா இல்லம்மா,” என்றாள் மூத்தவள், மெக்கானிக்கிடம். “வர்ற லீவுக்கு ரெண்டு குடும்பமும் கிளம்புறோம்.”

மெக்கானிக் பெண் சிரித்துக்கொண்டே தன் பையை எடுத்துக்கொண்டு போனாள். சகோதரிகள் கைகோத்தபடி கேரவனுக்குள் ஏறினார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த மூத்தவள், “என்னங்க, இனிமே நீங்களும் பேசிக்கலாம்!” என்றாள்.

வெளியே நின்ற இரண்டு ஆண்களும் தயங்கித் தயங்கிக் கைகுலுக்கினார்கள்.

“சௌக்கியமா?”

“ஏதோ இருக்கேன். பாத்து ரொம்ப நாளாச்சு.”

ஜன்னல் மூடிக்கொண்டது. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. தங்கையின் கணவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மற்றவர் காதோரம் குனிந்தார்.

“சார்ஜரை என் கார் டிக்கியில ஒளிச்சு வச்சுட்டேன், சகல. அது கிடக்கட்டும்… இனிமே நம்ம சனிக்கிழமைச் சீட்டாட்டத்தை எங்க வச்சுக்கிறது?”